பழுதே இல்லாத வண்டி

தன் வண்டியைப் பற்றி அவ்வளவு பொய் சொன்ன ஒரு டிரைவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மற்ற டிரைவர்கள் ஓட்டை வண்டியைப் புது வண்டி என்று சொல்லி ஏற்றுவார்கள். இந்த மனிதர் கண்ணாடி மாதிரி வைத்திருந்த வெள்ளைக் காரை ஓட்டை என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவார்.

"சார், பின்னாடி டயர்ல காத்து கம்மியா கீறாப்ல கீது. ஒரு அஞ்சு நிமிசம்."

"என்ஜின் சூடாயிகினு வருது சார். ஓரமா நிறுத்தி ஆற வுட்டுடலாம்."

"இன்னாவோ ஒரு சத்தம் வந்துகினே கீது, உங்களுக்குக் கேக்குதா?"

நமக்கு எதுவும் கேட்காது. அவருக்கும் கேட்டிருக்காது. அத்தனையும் பச்சைப் பொய். காரில் ஏறும் வயதான பெண்கள் ‘பாத்ரூம் போகணும், வண்டியை நிறுத்துங்க’ என்று வாய் திறந்து கேட்க மாட்டார்கள். கர்ப்பிணிகள் கேட்க மாட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை அந்த வார்த்தையைச் சொல்ல வைக்கவே கூடாது என்பது இவருடைய பிடிவாதம். ஆகவே நல்ல பாத்ரூம் இருக்கிற இடம் வந்ததும் பழியைத் தூக்கி வண்டியின் மேல் போட்டு நிறுத்திவிடுவார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது. அந்த ஒன்றரை நாளில் அவரை நான் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

பெயரை எழுதப் போவதில்லை. இன்னமும் எங்காவது ஓரம்கட்டி அதே பொய்யைச் சொல்லிக்கொண்டிருப்பார். பெயரைப் போட்டு அவர் பிழைப்பைக் கெடுப்பானேன்? செங்கல்பட்டுக்காரர், அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார் என்பது போதும்.

அப்போது நான் மறைமலைநகரில், கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். தென்காசிப் பக்கத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் பொங்கல் முடிந்த கையோடு வந்திருந்தார்கள். மூன்று நாள் காரில் சுற்றிக் காட்டிவிட்டு, மூன்றாம் நாள் சாயங்காலம் செங்கல்பட்டில் ரயில் ஏற்றிவிடுவது என்று ஏற்பாடு. கம்பெனியில் உற்பத்திக்குப் போடுகிற மாதிரியே ஒரு அட்டவணை போட்டேன். திருக்கழுக்குன்றம் 7.40, சதுரங்கப்பட்டினம் கோட்டை 10.15. இப்படிப் புள்ளி வைத்து எழுதுகிறவன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். என் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் கூட வந்திருந்தால் முதல் ஒரு மணி நேரத்திலேயே எல்லாவற்றையும் கண்டுபிடித்திருப்பாள்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தின ஆடி மாதம் அவளைக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போனில் என்னிடம் சொன்னது ‘காய்ச்சல்’ மட்டும்தான். நேரில் போனபோதுதான் அது சிறுநீர்த் தொற்று என்றும், கிட்னி வரை ஏறப் பார்த்தது என்றும் தெரிந்தது. தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டே இருந்தால் அடுத்த தடவை இவ்வளவு லேசில் விடாது என்று டாக்டர் அம்மாவைச் சத்தம் போட்டார். அம்மாவுக்குப் பிரயாணம் என்றால் முந்தின நாளே தண்ணீரை நிறுத்திவிடுகிற பழக்கம். அது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. எனக்குத் தோன்றிய வைத்தியம் ஒன்றே ஒன்று. இரண்டு லிட்டர் பிடிக்கிற ஸ்டீல் பாட்டில் ஒன்றை வாங்கி அவள் மடியில் வைத்தேன்.

"சாயங்காலத்துக்குள்ள இது காலியாயிருக்கணும், சொல்லிட்டேன்."

"குடிக்கேன்யா, குடிக்கேன்," என்றாள் அம்மா.

காரை வாடகைக்குப் பேசுவதற்காகப் போன் செய்தபோதே டிரைவர் கேட்ட கேள்வி எனக்கு விநோதமாக இருந்தது. எங்கெங்கே போக வேண்டும் என்று கேட்கவில்லை. "அம்மாவும் வராங்களா சார், நைனா மட்டுமா?" என்றார். இரண்டு பேரும்தான் என்றேன். "அப்ப ஒரு நாளிக்கு மூணு எடம் போதும். அதுக்கு மேல பேஜாரு," என்றார். என் அட்டவணையில் நாள் ஒன்றுக்கு ஏழு இடம் இருந்தது. சோம்பேறி ஆளாக இருப்பான் போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

ஆள் ஒல்லி. நீலச் சட்டை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டயருக்குக் காற்றுப் பார்க்கிற கேஜ் செருகியிருப்பார். ஊர்ப் பெரியவர்களை எல்லாம் ‘நைனா’ என்பார். காரில் பாட்டு போட மாட்டார். கேட்டால், "பாட்டு போட்டா பின்னாடி இன்னா பேசறாங்கன்னு கேக்காது சார்," என்பார். அந்தப் பதிலைக் கேட்டு எனக்குச் சந்தேகம்தான் வந்தது. போதாக்குறைக்கு, உள்ளே இருக்கும் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்து வைத்திருந்தார். ரோட்டைப் பார்ப்பதை விடப் பின்சீட்டைப் பார்ப்பது அதிகமோ என்று எனக்கு ஒரு உறுத்தல்.

முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். செங்கல்பட்டைத் தாண்டி திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் வண்டி நின்றது.

"டயர்ல காத்து பாத்துக்கினு வந்துடறேன் சார். அம்மா, நீங்க இன்னாத்துக்குக் குளிர்ல ஒக்காந்துகினு? உள்ள போங்க. வாட்ச்மேன் சம்சாரம் நமக்கு வேண்டியவங்கதான்."

அம்மா இறங்கி உள்ளே போனாள். நானும் அப்பாவும் டயரைப் பார்க்கப் போனோம்.

அப்பா முப்பத்து நான்கு வருடம் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். டயரில் காற்றுக் குறைவு என்று அவரிடம் ஒருவர் சொல்லலாமா? கேஜை டிரைவர் கையிலிருந்து வாங்கி நாலு டயரையும் தானே பார்த்தார்.

"முப்பத்திரண்டு. நாலும் முப்பத்திரண்டு. சரியாத்தானய்யா இருக்கு?"

"குளுருக்கு அப்டிக் காட்டும் நைனா. வெயில் ஏறிச்சின்னா பாருங்க, மாறிடும்."

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். டெப்போவில் புதிதாகச் சேர்ந்த பையன்கள்கூட இப்படி ஒரு விளக்கத்தை அவரிடம் சொன்னதில்லை. அதற்குள் அம்மா முகம் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு மலர்ச்சியாக வந்தாள். நான் வாட்சைப் பார்த்தேன். பதினெட்டு நிமிடம் போச்சு.

அன்றைக்கு மட்டும் நான்கு தடவை நின்றோம். என்ஜின் சூடு என்று ஒன்று. பிரேக்கில் சத்தம் என்று ஒன்று. சதுரங்கப்பட்டினத்துக்குப் போகும் வழியில் ஒரு சின்னச் சர்ச்சின் காம்பவுண்டுக்குள் விட்டு, "ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தணும்," என்றார். சர்ச்சைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் சாவிக்கொத்தோடு வந்து எங்கள் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். ரேடியேட்டரைத் திறந்தால் தண்ணீர் விளிம்பு வரை தளும்பி நின்றது. அப்பா பேசாமல் மூடியைத் திருகி மூடினார். அவர் பேசாமல் இருந்தால் அது நல்லதற்கில்லை.

சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அப்பா பானெட்டைத் திறக்கச் சொன்னார். அரை மணி நேரம் குனிந்து பெல்ட்டை அழுத்திப் பார்த்தார், ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார், என்ஜினை ஓட விட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அப்பா நிமிர்ந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏல, இந்த வண்டியில ஒரு கோளாறும் கெடையாது. புதுப்பொண்ணு மாதிரி வச்சிருக்கான். இவன் பொய் சொல்லுதான்ல."

"எதுக்குப்பா பொய் சொல்லணும்?"

"பீடி குடிக்கப் போறானோ என்னமோ. நாளைக்கு வேற வண்டிக்குச் சொல்லு."

எனக்கும் அதே எண்ணம்தான். போனை எடுத்தேன். அப்போது அம்மா வாசற்படியில் நின்றுகொண்டு, "அவரே வரட்டும். வேற வண்டின்னா நான் வரல," என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். சாம்பாரில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்று மற்றவர்கள் சொன்னால்கூட ‘ஆமா, கூடித்தான் போச்சு’ என்று ஒத்துக்கொள்கிறவள் அம்மா. அவள் ‘வரமாட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டேன். "சும்மாதான்யா. நல்ல மனுசனா இருக்காரு," என்று உள்ளே போய்விட்டாள். அவளுக்கு முதல் நிறுத்தத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. எங்களிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அம்மா சொல்லிவிட்டாளே என்று வண்டியை மாற்றவில்லை. ஆனால் என் குணம் சும்மா இருக்குமா? மறுநாள் காலை ஏறும்போதே டிரைவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"அண்ணே, நேத்து மாதிரி இன்னிக்கு வேணாம். நான் சொல்லாம வண்டி எங்கயும் நிக்கக் கூடாது."

அவர் கண்ணாடியில் ஒரு தடவை அம்மாவைப் பார்த்தார். "சரி சார்," என்றார்.

கேளம்பாக்கம் வழியாகக் கடற்கரைச் சாலைக்கு வந்தோம். செடி விற்கிற ஒரு நர்சரி வந்தபோது வண்டியின் வேகம் குறைந்தது. "என்ன?" என்றேன். "ஒண்ணும் இல்ல சார்," என்று திரும்பவும் அழுத்தினார். பெட்ரோல் பங்க் ஒன்று வந்தது, அங்கேயும் வேகம் குறைந்து ஏறியது. முட்டுக்காட்டில் சொன்ன நேரத்துக்குப் படகு ஏறினோம். படகில் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி சிரித்தாள். அட்டவணைப்படி எல்லாம் நடக்கிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன், முக்கால்வாசி காலி. "பரவாயில்லையேம்மா!" என்று பாராட்டினேன்.

பன்னிரண்டரை மணிக்கு மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களின் பக்கத்தில், கல் யானைக்கு முன்னால் அம்மாவை நிறுத்திப் போட்டோ எடுக்கப் போனேன். போனின் திரையில் அம்மா மெல்லச் சரிவது தெரிந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ, இந்தா! என்ன செய்யுது?" என்று அப்பா பதறிக்கொண்டு ஓடினார்.

கண் சொருகவில்லை, ஆனால் உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. கை சுட்டது. தண்ணீரை வாயருகே கொண்டு போனேன். தலையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம் என்று பாட்டிலைத் தள்ளினாள். எனக்கு அந்த ஆடி மாசத்து ஆஸ்பத்திரிக் கட்டில் கண்ணுக்கு முன்னால் வந்தது. பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும். "குடிச்சாத்தானேம்மா சரியாகும்? என்ன அடம் இது?" என்று அத்தனை பேர் நடுவில் கத்தினேன். பிறகு டிரைவருக்குப் போன் செய்தேன்.

வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து ஓடியே வந்திருப்பார், மூச்சு வாங்கியது. என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலையும் கேட்கவில்லை. அம்மாவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"அம்மா, பக்கத்துலதான் நம்ம தங்கச்சி மொறையில ஒருத்தங்க வூடு கீது. கல்லு கொத்தற வூடு. அங்க போய் மூஞ்சி கழுவிக்கினு வரலாம். உள்ள தாப்பா போட்டுக்கற கதவு கீது, தண்ணி கீது, லைட்டு கீது. அப்பறமா மெதுவா எளநி குடிக்கலாம். இன்னா சொல்றீங்க?"

அம்மா உடனே கையை நீட்டினாள். நானும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினோம்.

சிற்பக்கூடத்தின் முற்றத்தில் பாதி செதுக்கிய பிள்ளையார்கள் வரிசையாக நின்றன. அந்த வீட்டுப் பெண் அம்மாவை உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். கால் மணி நேரம் கழித்து அம்மா வெளியே வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு இளநீரும் ஒரு செம்புத் தண்ணீரும் மடக்மடக்கென்று குடித்தாள். அப்படி அவள் குடித்து நான் பார்த்ததே இல்லை. முகத்தில் உயிர் வந்தது. "ஒண்ணும் இல்லய்யா, வெயிலு," என்று என்னைச் சமாதானப்படுத்தினாள்.

டிரைவர் என்னைக் கற்கள் அடுக்கியிருந்த பக்கம் அழைத்துப் போனார்.

"சார், நேத்து அம்மா அஞ்சு தபா தண்ணி குடிச்சாங்கோ. நான் கண்ணாடில பாத்துக்கினேதான் வந்தேன். இன்னிக்கு ஒரு வாய் குடிக்கல."

"பாட்டில் காலியா இருந்துதே?"

"படகுக்குப் போறதுக்கு முன்னாடி அந்த வேலியோரச் செடிக்கு ஊத்திட்டாங்கோ சார். நீங்க டிக்கெட் வாங்கினு இருந்தீங்க."

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன்.

"தண்ணி குடுக்கறது பெருசு இல்ல சார். போற எடத்த மொதல்ல காட்டணும். காட்டினாத்தான் தண்ணி தொண்டையில எறங்கும். இல்லாங்காட்டி யாரு குடிப்பா? நீங்க ஆம்பள, எந்த மரத்தடியிலயும் நிப்பீங்க. அவங்க எங்க போவாங்க, சொல்லுங்க?"

முப்பத்தைந்து வயதில், இரண்டு லிட்டர் பாட்டில் வாங்கிக் கொடுத்ததோடு மகன் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அண்ணே, மன்னிச்சிருங்க என்றேன். "அட வுடுங்க சார். என்கிட்ட இன்னாத்துக்கு?" என்றார்.

அப்பா எங்களுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் நேராகப் போய்க் காரைச் சுற்றி வந்தார். ஒரு டயரைக் காலால் தட்டினார். பிறகு என்னிடம் வந்து, "நீயெல்லாம் என்னத்தப் படிச்சியோ!" என்று எரிந்து விழுந்தார். அந்தக் கோபம் என் மேல் இல்லை என்று எனக்குத் தெரியும், வாங்கிக்கொண்டேன்.

டிரைவருக்கு மட்டும் எப்படி இதெல்லாம் தெரியும் என்ற கேள்விக்கு அன்று மத்தியானம் சாப்பிடும்போது பதில் கிடைத்தது. முன்னே அவர் கம்பெனி பஸ் ஓட்டியிருக்கிறார். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விடிவதற்கு முன்னால் கிராமம் கிராமமாகப் போய் வேலைக்கு வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஒன்றேமுக்கால் மணி நேர ஓட்டம்.

"பஸ்ல முப்பது பொண்ணுங்கோ. ஒருத்தி கையிலயும் தண்ணி பாட்டில் இருக்காது. வேலைக்குப் போனாலும் நெனச்சப்ப எழுந்து போக முடியாதாம். அங்க ஒருத்திக்கு மயக்கம், இங்க ஒருத்திக்கு ஜொரம். ஒரு நா ஒரு பொண்ணு எறங்கற எடம் வரதுக்குள்ள அழுதுடுச்சி சார். இன்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது. பக்கத்துல இருந்த அக்காதான் சொன்னாங்கோ."

மறுநாளிலிருந்து அந்த பஸ்ஸுக்குப் பாதி வழியில் ஏதாவது கோளாறு வர ஆரம்பித்தது. தினமும் ஒரே இடத்தில், ஒரு பள்ளிக்கூட ஆயா வீட்டு வாசலில். ஏழெட்டு மாதம் ஓடியது. கடைசியில் கம்பெனிக்காரர்கள் பஸ்ஸை மெக்கானிக்கிடம் விட்டுப் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். டிரைவருக்கு வேலை போனது.

"அப்பவே உள்ளதச் சொல்லியிருக்கலாம்லா?" என்றார் அப்பா.

"சொன்னா அந்தப் பொண்ணுங்க பேரெல்லாம் ஆபீஸ்ல அடிபடும் நைனா. வாணாம்னு வுட்டேன்."

அப்பா இலையைப் பார்த்துக்கொண்டு, "அந்த மெக்கானிக்கு கிறுக்குப்பய," என்றார். முந்தின நாள் சாயங்காலம் தானும் அதே வேலையைத்தான் செய்தோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அதன் பிறகு டிரைவரைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிட்டார்.

அதன்பின் இரண்டு வருடம், நாங்கள் கோயம்புத்தூருக்கு மாறும்வரை, எங்கே போவதானாலும் அவரைத்தான் கூப்பிட்டேன். பழகப் பழகத்தான் அவர் வித்தை முழுவதும் தெரிந்தது. டிக்கியில் ஒரு துணிப்பை வைத்திருப்பார். அதில் சோப்பு, மக், ஒரு ஸ்க்ரூ டிரைவர், நாலைந்து புதுத் தாழ்ப்பாள்கள். "தாப்பா இல்லாத எடத்துக்கு ஒரு பொம்பள எப்படிப் போவா?" என்பார். பாத்ரூமுக்குக் கதவு இருந்து தாழ்ப்பாள் இல்லாவிட்டால், அந்த வீட்டுக்காரரிடமோ வாட்ச்மேனிடமோ கேட்டுத் தானே பொருத்திவிடுவார். கடற்கரைச் சாலையில் மட்டும் ஆறு கதவுகளில் அவர் போட்ட தாழ்ப்பாள் இருந்தது. எங்கே கடல் அழகாகத் தெரியும், எங்கே மீன் நன்றாக இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார். எந்த மண்டபத்தில் காலை எத்தனை மணிக்கு மோட்டார் போடுவார்கள் என்று கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வார்.

ஒரு தடவை என்னுடன் வேலை பார்த்தவரின் மாமாவைத் திருப்போரூர் கோயிலுக்கு அழைத்துப் போயிருக்கிறார். பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை வியாதி. வண்டி நிற்கிறபோதெல்லாம் ‘டிரைவர், வாட் இஸ் திஸ்?’ என்று குதிப்பாராம். குதித்துவிட்டு, ‘சரி, நின்னது நின்னாச்சு, கையைக் கழுவிட்டு வரேன்,’ என்று ஒவ்வொரு தடவையும் போய்விட்டு வருவாராம். வீட்டுக்கு வந்ததும், இந்த மாதிரி ஓட்டை வண்டியை இனிமேல் பேசவே கூடாது என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். இதை நான் சிரித்துச் சிரித்துச் சொன்னபோது டிரைவர் கொஞ்சம்கூட வருத்தப்படவில்லை. "அவருக்கு அன்னிக்கு ஒரு கஸ்டமும் இல்ல சார், அது போதும்," என்றார். எனக்கு அவர் மேல் இருந்த பிரியம் அன்றைக்கு இன்னும் ஒரு சுற்று கூடிப்போயிற்று.

இருந்தாலும் எனக்கு நெஞ்சில் நிற்பது அந்த மூன்றாம் நாள்தான்.

அன்று அட்டவணையைக் கிழித்துப் போட்டிருந்தேன். காலையில் மதுராந்தகம் ஏரிக்கரை, ராமர் கோயில். மத்தியானத்துக்கு மேல் வேடந்தாங்கல். மரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பறவைகள். அம்மா கண்கொட்டாமல் பார்த்தாள். வழியில் மூன்று இடத்தில் வண்டிக்குக் கோளாறு வந்தது. மூன்று தடவையும் அப்பா முதலில் இறங்கி, "ஆமா தம்பி, எனக்கும் சத்தம் கேட்டுது," என்று பலமாகச் சொன்னார். அவருக்கு நடிக்கவே வராது. அம்மா உள்ளே போகும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் சென்னைக்குப் போகிற நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறினோம். பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் ரோட்டு வேலை, லாரிகள் மூட்டை அடுக்கியது மாதிரி நின்றன. ரயிலுக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. நேராகப் போனால் பிடித்துவிடலாம். அப்பா அடிக்கொரு தடவை வாட்சைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். ரயில் நேரத்தில் எந்தப் பொய்யைச் சொல்வது என்று அவருக்கே தயக்கம் போலும். "சார், முன்னாடி டயர்ல இன்னாவோ..." என்று இழுத்தார்.

"டயருக்கு ஒண்ணும் இல்ல தம்பி," என்றாள் அம்மா. "எனக்குத்தான் ஒண்ணுக்குப் போகணும். எங்கயாவது நிறுத்துங்க."

சாதாரணமாக, கடைக்காரரிடம் அரைக் கிலோ தக்காளி கேட்பது மாதிரி கேட்டாள். பக்கத்தில் கணவர், முன்னால் மகன், ஸ்டியரிங்கில் வேற்று மனிதர். கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருடத்தில் அப்பா முன்னால் அம்மா அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வாட்சைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டு, "நிறுத்துங்க தம்பி. ரயிலு கெடக்கு," என்றார்.

டிரைவர் இண்டிகேட்டரைப் போட்டு இடதுபக்கம் ஒதுங்கினார். ரோட்டோரம் ஒரு வீடு. அங்கிருந்த பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசினார். அவள் அம்மாவை வீட்டுக்குப் பின்பக்கம் அழைத்துப் போனாள். அங்கே கதவருகில் நின்றபடியே எங்களுக்குக் கேட்கிற மாதிரி, "தாப்பா கழண்டு கீது, நான் வெளிய கதவப் புட்சிக்கினு நிக்கறேன், பயப்படாம போகச் சொல்லியிருக்கேன்," என்றாள்.

அம்மா வந்ததும் கிளம்பியிருந்தால் ரயிலைப் பிடித்திருப்போம். ஆனால் அப்பா டிக்கியைத் திறந்து அந்தத் துணிப்பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

"அப்பா, நேரமாச்சு!"

"சும்மா இருல. கழண்டதப் பாத்துட்டு அப்பிடியே போவாங்களா?"

மரக்கதவு உளுத்துப்போயிருந்தது, பழைய ஓட்டையில் ஸ்க்ரூ நிற்கவில்லை. அப்பா இடத்தை மாற்றி, இருந்த ஒரே ஸ்க்ரூ டிரைவரால் முக்கால் மணி நேரம் திருகித் திருகிப் புதிதாகத் துளை போட்டார். டிரைவர் கதவைத் தாங்கிப் பிடித்தார். ஒருவருக்கொருவர் ‘இங்க’, ‘கொஞ்சம் மேல’ என்பதற்கு மேல் பேச்சில்லை. வேலை முடிந்ததும் அப்பா உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டு, கதவை இழுத்துப் பார்த்து, திறந்துகொண்டு வெளியே வந்தார். டெப்போவில் பிரேக் சரி செய்த பஸ்ஸை ஓட்டிப் பார்த்துவிட்டு வரும்போதும் அவர் முகம் இப்படித்தான் இருக்கும்.

அப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்தில் ரயில் வந்தது. எங்கள் ரயில்தான். தெற்கே பார்த்து, அப்பாவும் அம்மாவும் இல்லாமல், பெட்டி பெட்டியாகப் போனது. கடைசிப் பெட்டி மறையும்வரை நாங்கள் நான்கு பேரும் வரிசையாக நின்று பார்த்தோம்.

டிரைவர்தான் அதிகம் நொந்துபோனார். "என்னாலதான் நைனா. நான் ஒரு அர மணி நேரம் முன்னாடியே கெளப்பியிருக்கணும்," என்று தலையைச் சொறிந்தார். அப்பா கையிலிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டு நின்றார். நான் போனில் பார்த்தேன், மறுநாள் ரயிலில் இடம் இல்லை. அதற்கடுத்த நாள் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன்.

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தாள். பிரயாணம் என்றாலே முந்தின நாள் தண்ணீரை நிறுத்திவிடுகிறவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி டிரைவரைக் கூப்பிட்டாள்.

"அப்ப தம்பி, நாளைக்கு எங்க போவோம்?"